கடலூர்ப் பக்கம் புதிய கிறிஸ்தவச் சபை தொடங்க: எதற்குப் பின் எது

ஹால் பிடித்து, ஸ்பீக்கர் வாங்கி, பேனர் அடித்து, அதற்குப் பிறகு ஆட்களைத் தேடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. ஆறாவது மாதம் வாடகை பாக்கி விழும். எட்டாவது மாதம் பக்கத்து வீட்டார் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுப்பார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்தது.

கடலூர் மாவட்டத்தில் ஒரு தெருவிலோ கிராமத்திலோ புதிதாகச் சபை நிறுவ நினைக்கும் ஊழியக்காரருக்கும் அவரோடு நிற்கும் குடும்பங்களுக்குமாக இதை எழுதுகிறோம். புதுச்சேரியில் சட்டம் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, கேள்வி கேட்கக்கூடிய பெரியவர்கள். அனுப்பும் சபை ஒன்று இருந்தால் நல்லது. இல்லையென்றால், குறைந்தது இரண்டு மூத்த போதகர்களிடம் “மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் கணக்கையும் நடத்தையையும் பாருங்கள், ஐயா” என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்று தனியாக நிற்பவர்மேல் முதல் புகார் வரும்போது, அவருக்காகப் பேசவும் ஆள் இருக்காது.

இரண்டாவது, ஊழியக்காரர் குடும்பத்துக்கு 18 மாதச் சாப்பாட்டுச் செலவு. சேமிப்போ, வேலையோ, அனுப்பும் சபையின் உதவியோ, ஏதோ ஒரு வழியில் அது உறுதியாக இருக்க வேண்டும். வீட்டு வாடகையைக் காணிக்கைப் பை தீர்மானிக்க ஆரம்பித்தால் மூன்றாம் மாதமே பிரசங்கம் தசமபாகத்தை (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கையை) சுற்றத் தொடங்கும். புதிதாக வந்தவர்களுக்கு அது உடனே புரிந்துவிடும்.

மூன்றாவது, நான்கைந்து குடும்பங்கள். இவர்கள் பக்கத்துச் சபையிலிருந்து கோபித்துக்கொண்டு வந்தவர்களாக இருக்கக் கூடாது. “ஆடு திருடினார்” (அடுத்த சபையாரை இழுத்துக்கொண்டார்) என்ற பெயர் ஒருமுறை வந்தால், கல்லறைத் தோட்டத்துக்கோ கல்யாணத்துக்கோ உதவி கேட்டு எந்தச் சபையின் கதவையும் தட்ட முடியாது. வேறு சபையிலிருந்து யாராவது வந்தால் அந்தப் போதகருக்கு அன்றைக்கே போன் செய்துவிடுங்கள்.

2. ஊரைப் படிப்பது (இரண்டு மாதம்)

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை தெருத்தெருவாக நடந்து பாருங்கள். எந்தச் சபை எங்கே கூடுகிறது, எங்கே யாருமே கூடுவதில்லை என்பது நடந்தால்தான் தெரியும். மஞ்சக்குப்பத்திலும் முதுநகரிலும் பழைய ஆலயங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அடுத்த தெருவில் போய் இன்னொன்று தொடங்கத் தேவை இருக்கிறதா என்பதை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு, மக்கள் எப்போது வீட்டில் இருக்கிறார்கள் என்பது. நெய்வேலியிலும் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமும் ஷிப்ட் வேலை. ஒரே நேரம் எல்லாருக்கும் ஒத்துவராது. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி அறுவடை வந்தால் வாரநாள் கூட்டம் காலியாகும். கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள், ஆனால் கையில் காசு இருக்காது. அந்த இரண்டு மாதத்தில் கட்டட நிதி கேட்பவர் ஊரைத் தெரிந்துகொள்ளாதவர்.

மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லுக்கு எடை உண்டு. தேவனாம்பட்டினமோ தாழங்குடாவோ, முதலில் அந்தப் பெரியவர்களைப் போய்ப் பாருங்கள். அனுமதி கேட்கிற மாதிரி இல்லாவிட்டாலும், நீங்கள் யார், என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை அவர்கள் உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டும். வேறொருவர் போய்ச் சொன்னால் கதை வேறாகிவிடும்.

எல்லைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாகூர், கன்னியக்கோயில் சுற்றுவட்டத்தில் ஒரு தெரு புதுச்சேரியிலும் அடுத்தது தமிழ்நாட்டிலும் இருக்கும். எந்த அலுவலகம், எந்தச் சட்டம், எந்தக் காவல் நிலையம் என்பதெல்லாம் சர்வே எண்ணைப் பொறுத்தது. அதை இப்போதே பார்த்துவிடுங்கள்.

3. வீட்டுக்கூட்டம் (ஆறு மாதம்)

வாரம் ஒருநாள், மாலையில், 75 நிமிடம். பாட்டு 15, வேதம் வாசித்துப் பேசுவது 25, ஒருவருக்கொருவர் ஜெபம் 20, மீதி நேரம் டீயும் பேச்சும். மைக் வேண்டாம், கீபோர்டு வேண்டாம். பத்துப் பேர் பாட மைக் எதற்கு?

வீடு வாராவாரம் மாற வேண்டும். ஒரே வீட்டில் ஒவ்வொரு வாரமும் செருப்புகள் குவிந்தால், தெருவின் கண்ணில் அது வீடாக இல்லாமல் அனுமதியில்லாத ஜெபக்கூடமாக மாறிவிடும். இப்படி வந்த வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. வீடு மாறுவதால் இன்னொரு லாபமும் உண்டு: எந்தக் குடும்பமும் “எங்க வீட்டுச் சபை” என்று சொந்தம் கொண்டாடாது.

இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய தவறு, ஊழியக்காரரே எல்லாவற்றையும் செய்வது. வேதம் வாசிக்க ஒருவர், பாட்டுத் தொடங்க ஒருவர், நோயாளியைப் போய்ப் பார்க்க ஒருவர் என்று இப்போதே பிரித்துக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து மூப்பராக (சபையை நடத்த உதவும் பெரியவராக) யாரை வைக்கலாம் என்பது அப்போது தானாகத் தெரியும்.

சுகத்துக்காக ஜெபிக்கும் இடத்தில் கவனம் தேவை. சர்க்கரை மாத்திரையையோ காசநோய் மாத்திரையையோ நிறுத்தும்படி யாரும், தன் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்பவர்கூட, சொல்லக் கூடாது. சொன்னால் அதே கூட்டத்திலேயே திருத்திவிடுங்கள்.

முதியோரும் பிள்ளைகளும் சேர்த்து 25 முதல் 30 பேர் மூன்று மாதம் விடாமல் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். வரவில்லையென்றால் இன்னும் ஆறு மாதம் வீட்டிலேயே நடக்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

4. பதிவு: சங்கமா, அறக்கட்டளையா?

பதிவு இல்லாமல் சபைப் பெயரில் பான் எண் கிடைப்பதும் வங்கிக் கணக்கு தொடங்குவதும் எளிதில் நடக்காது. அப்போது காணிக்கை போதகரின் சொந்தக் கணக்கில் விழும். வரித் துறை அதை அவர் வருமானமாகப் பார்க்கும், சபையார் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

சங்கமாகப் பதிய, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் பதிவு. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். புதுச்சேரியில் 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம். அங்கும் ஏழு பேர்தான். அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவதோடு முதல் வேலை முடிந்தது.

எளிது என்பதற்காகப் பலர் அறக்கட்டளைக்குப் போகிறார்கள். போதகர் நிறுவனர், மனைவி பொருளாளர், மகன் செயலாளர், எல்லாரும் ஆயுள் அறங்காவலர்கள்! சபையார் காசில் வாங்கிய இடம் பத்து வருடத்தில் குடும்பச் சொத்தாகிவிடும், அல்லது அப்படிப் பேசப்படும். எங்கள் பரிந்துரை சங்கம். தாக்கல் செய்யும் தொல்லை உண்டுதான், ஆனால் அந்தத் தொல்லைதான் கணக்கை ஒழுங்காக வைத்திருக்கும். அறக்கட்டளைதான் என்று முடிவு செய்தால், அறங்காவலர்களில் பாதிப் பேராவது உறவில்லாதவர்களாகவும், பதவிக்காலம் மூன்று வருடமாகவும் இருக்கும்படி எழுதுங்கள்.

எந்த வடிவமானாலும் விதிகளில் நான்கு விஷயங்கள் விடுபடக் கூடாது: போதகரை நியமிப்பதும் நீக்குவதும் யார், சொத்து விற்க எத்தனை பேர் சம்மதம் வேண்டும், தகராறு வந்தால் முதலில் யார் கேட்பார்கள், சபை கலைந்தால் சொத்து எந்த ஒத்த நோக்கமுள்ள அமைப்புக்குப் போகும். கடைசி விதி இல்லாவிட்டால் வருமான வரி விலக்குப் பதிவிலும் சிக்கல் வரும்.

80ஜி ரசீது (காணிக்கை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை தரும் ரசீது) தருவோம் என்று நோட்டீஸில் போட்டுவிடாதீர்கள். குறிப்பிட்ட ஒரு மதத்தாருக்கான அமைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது.

5. காணிக்கைக் கணக்கு

ஆராதனை முடிந்ததும், உறவில்லாத இருவர் சபையார் கண் முன்னாலேயே எண்ண வேண்டும். ஒரு துண்டுச் சீட்டில் 500, 200, 100, 50, 20, 10, சில்லறை என்று வரிசையாக எண்ணிக்கை எழுதி, கூட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டு, நோட்டில் ஒட்டுங்கள். திங்கட்கிழமை அந்தத் தொகை முழுதும் வங்கியில் போக வேண்டும். “பெட்ரோலுக்கு முந்நூறு எடுத்துக்கிட்டு மீதியைப் போட்டேன்” என்பது முதல் ஓட்டை. செலவுக்கு வேண்டியதை வங்கியிலிருந்து, வவுச்சரோடு எடுங்கள். காசோலைக்கு இருவர் கையெழுத்து. அதில் போதகர் ஒருவராக இருக்கலாம், அவர் மனைவி இரண்டாமவராக இருக்கக் கூடாது.

ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரி விதி. இடம் வாங்கும் சமயத்தில் இதை மறந்துவிடுவார்கள்.

வெளிநாட்டுப் பணத்தில்தான் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தம்பி துபாயிலிருந்து தன் சம்பளத்தில் அனுப்பினால் அது உள்நாட்டுக் காணிக்கைதான். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் சபைக் கணக்குக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக் கூடாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. அவர்கள் அங்கேயே குடியிருந்து, ரூபாயில், கையில் கொடுத்தாலும் அதே விதிதான். அப்படிப்பட்ட குடும்பம் சபைக்கு வந்தால், காரணத்தைச் சொல்லி காணிக்கையை அன்போடு மறுத்துவிடுங்கள். பதிவு வாங்கலாம் என்றாலும் சாதாரணமாக மூன்று வருடம் இயங்கிய அமைப்புக்குத்தான் அது கிடைக்கும்.

6. இடம்

வழிபாட்டுக்காகக் கட்டடம் கட்ட, தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. இருக்கும் வீட்டையோ கடையையோ நிரந்தர ஜெபக்கூடமாக மாற்றும்போதும் இதே கேள்வி எழும். மனுவோடு பட்டா அல்லது பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், புல வரைபடம், கட்டட வரைபடம், சங்கப் பதிவுச் சான்றிதழ், வாடகை இடமானால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் வையுங்கள். வருவாய்த் துறையிடமும் காவல் துறையிடமும் அறிக்கை கேட்பார்கள். அவர்கள் விசாரிக்க வரும் நாளில் அக்கம்பக்கத்தார் உங்களை முதல்முறையாகக் கேள்விப்படக் கூடாது. அதனால் மனு போடும் முன்பே சுற்றியுள்ள பத்து வீடுகளுக்குப் போய், நாள், நேரம், எத்தனை பேர், வண்டி எங்கே நிற்கும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் மனுவைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

அனுமதி வரும்வரை, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் சிறிய கல்யாண மண்டபமோ ஏற்கெனவே உள்ள ஆலயத்தின் பக்கக் கூடமோ போதும். பழைய ஆலயங்கள் சில, மதியத்துக்கு மேல் கூடத்தைத் தரும். கேட்டுப் பார்க்காமலேயே “தரமாட்டாங்க” என்று விட்டுவிடுகிறார்கள்.

அளவு: பாயில் உட்கார ஆளுக்கு 6 சதுர அடி, பிளாஸ்டிக் நாற்காலிக்கு நடைபாதை சேர்த்து 9 முதல் 10. அறுபது பேருக்கு, முன்னால் 80 சதுர அடி மேடையோடு, 650 சதுர அடி வேண்டும். இரண்டு வாசல், ஒரு கழிப்பறை, ஐம்பது செருப்புக்கு இடம். தகர ஷெட் மலிவு என்று போகாதீர்கள். மே மாதம் காலை பத்தரைக்கு உள்ளே உட்கார முடியாது, மழையில் பிரசங்கம் கேட்காது.

கெடிலம், தென்பெண்ணை ஓரத்தில் இடம் பார்க்கிறீர்கள் என்றால் உரிமையாளரிடம் கேட்பதைவிடச் சுவரைப் பாருங்கள். 2024 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் நின்ற இடத்தில் சுண்ணாம்பு உரிந்து, செம்மண் கோடு ஒன்று படிந்திருக்கும். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் கழிப்பறையின் உட்சுவரிலும் மீட்டர் பெட்டிக்குப் பின்னாலும் தேடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல்தான் பிளக் பாயின்ட், ஆம்ப்ளிஃபையர், பைபிள் அலமாரி எல்லாம் இருக்க வேண்டும்.

வாடகை ஒப்பந்தத்தில் “வழிபாட்டுக் கூட்டம் நடத்த” என்று தெளிவாக எழுதுங்கள். “அலுவலகம்” என்று எழுதிவிட்டுப் பாட்டுப் பாடினால், முதல் புகாரிலேயே உரிமையாளர் உங்களைக் காலி செய்யச் சொல்ல வழி கிடைத்துவிடும். மின் இணைப்பிலும் வழிபாட்டுத் தலங்களுக்குத் தனிக் கட்டணப் பிரிவு உண்டு; வீட்டு இணைப்பில் ஓட்டினால் அபராதம்.

7. சத்தம்

புகார்களில் பாதி இதுதான். ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் காவல் துறை அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். கூம்பு ஸ்பீக்கரை நினைக்கவே வேண்டாம்.

அறுபது பேர் கூடத்துக்கு 10 அங்குலப் பெட்டி இரண்டு தாராளம். வாசலைப் பார்த்து வைக்காமல், உயரத்தில் மாட்டி ஆட்கள் தலையை நோக்கிச் சாய்த்து வையுங்கள். அடுத்த வீட்டுச் சுவரைத் தாண்டிப் போவது பாட்டைவிட எலக்ட்ரானிக் டிரம் ‘பேட்’டின் அடிச்சத்தம்தான், மிக்சரில் பாஸை (கனத்த ஒலியை) குறையுங்கள். முதல் ஞாயிறு ஆராதனை நடக்கும்போதே ஒருவர் வெளியே போய், பக்கத்து வீட்டு ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டு வரட்டும். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு அனுமதி தனியாக, முன்கூட்டியே.

8. முதல் ஞாயிறுகள்

பெரிய தொடக்க விழா வேண்டாம். வெளியூரிலிருந்து இருநூறு பேர் வந்து அடுத்த வாரம் முப்பது பேர் உட்கார்ந்தால் சபை விழுந்த மாதிரித் தெரியும். நான்கு வாரம் சத்தமில்லாமல் நடத்திப் பாருங்கள். மைக் கரகரப்பு, பிள்ளைகள் ஓட்டம், யார் திறப்பது யார் பூட்டுவது எல்லாம் அதற்குள் சரியாகும்.

சொன்ன நேரத்துக்குத் தொடங்கி, சொன்ன நேரத்துக்கு முடியுங்கள். வீட்டில் மற்றவர்கள் விசுவாசிகளாக இல்லாத பெண்களுக்கு அரைமணி நேரத் தாமதம்கூட மாமியாரிடம் பேச்சு வாங்கித் தரும்.

பிள்ளைகளுக்கான ஓய்வுநாள் (ஞாயிறு) பள்ளியில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தபடி. தனியாக ஒரு பிள்ளையை யாரும் வண்டியில் அழைத்துப் போகக் கூடாது, போதகரும்தான். பாலியல் தவறு நடந்ததாகத் தெரிந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குச் சொல்வது கட்டாயம். சபைக்குள் பேசித் தீர்ப்பது குற்றம்.

திருவிருந்துக்கு (அப்பமும் திராட்சைச் சாறும் பகிரும் சடங்குக்கு) ஆளுக்கு 10 மில்லி என்று வைத்தால் அறுபது பேருக்கு 600. சிந்துவதையும் சேர்த்து ஒரு லிட்டர் திராட்சைச் சாறு போதும். ஒரே பந்தி, ஒரே தட்டு, ஒரே வரிசை. சாதி பார்த்து உட்காரும் பழக்கம் முதல் மாதத்தில் நுழைந்தால் பிறகு அதை எடுக்க முடியாது.

9. ஞானஸ்நானம்

அவசரப்படவே கூடாத இடம். குறைந்தது எட்டு வாரப் பாடம், அதன்பின் வீட்டாரோடு ஒரு பேச்சு. 18 வயதுக்குக் கீழே என்றால் தாய் தகப்பன் இருவரின் கையெழுத்து இல்லாமல் வேண்டாம். அரிசி, பள்ளிக் கட்டணம், வெள்ள நிவாரணம் எதையும் ஞானஸ்நானத்தோடு ஒரே மாதத்தில் கொடுக்காதீர்கள். உதவி தேவைப்படுகிறவருக்கு அது முன்பே போயிருக்க வேண்டும், சபைக்கு வராதவருக்கும் போக வேண்டும். மற்றவர் தெய்வங்களை இழிவாகப் பேசுவதும் கூடாது. மத உணர்வைப் புண்படுத்தியதாக வழக்கு வரும், அதைவிட, ஊர் உங்களை மறக்காது.

பட்டியல் சாதிக் குடும்பங்களிடம் ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்குத்தான் எஸ்.சி. தகுதி. கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலுக்கு மாறும். புதுச்சேரி வழக்கு ஒன்றில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராக வாழ்பவர் வேலைக்காக மட்டும் எஸ்.சி. சான்றிதழ் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. கல்லூரிக்கோ அரசு வேலைக்கோ பிள்ளை காத்திருக்கும் வீட்டில் இதை உட்காரவைத்து, நிதானமாகச் சொல்லுங்கள். “சர்ட்டிபிகேட்ல அப்படியே வச்சுக்கங்க” என்று யோசனை சொல்வது அந்தப் பிள்ளையின் வேலைக்குக் குழி தோண்டுவது. இருளர் போன்ற பழங்குடியினருக்கு மதம் மாறினாலும் எஸ்.டி. தகுதி போகாது.

முழுக்கு ஞானஸ்நானம் என்றால் தொட்டி 6 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி ஆழம். மூன்றடி தண்ணீர் நிரப்பினால் ஏறத்தாழ 2,040 லிட்டர், அதாவது இரண்டு டன் எடை. மொட்டை மாடியில் வைக்காதீர்கள். கடலில் கொடுப்பதாக இருந்தால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். மற்ற மாதங்களிலும் காலையில், நீச்சல் தெரிந்த மீனவர் இருவர் பக்கத்தில் நிற்க, இடுப்பளவுக்குள்.

பதிவேட்டில் பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர், முகவரி, நாள், இடம், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. சான்றிதழுக்கு அடிக்கட்டை இருக்க வேண்டும்.

10. கல்யாணமும் சாவும்

புதிய போதகருக்குக் கல்யாணம் நடத்தி வைக்கும் அதிகாரம் தானாக வந்துவிடாது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அரசு உரிமம் வேண்டும். இல்லாமல் நடத்தினால் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். உரிமம் வரும்வரை, உரிமமுள்ள மூத்த போதகரை அழைத்து நடத்துங்கள். அந்தச் சட்டப்படி சாதாரணமாகக் காலை 6 முதல் மாலை 7 வரைதான் நேரம். மணமகளுக்கு 18, மணமகனுக்கு 21 நிறைந்ததற்குச் சான்று பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள். தமிழ்நாட்டில் கல்யாணம் முடிந்து 90 நாளுக்குள் பதிவும் செய்ய வேண்டும்.

சாவுதான் யாரும் யோசிக்காதது. பழைய சபைகளின் கல்லறைத் தோட்டம் அவரவர் அங்கத்தினருக்கு. புதிய சபையில் ஒரு பெரியவர் இரவு பதினொரு மணிக்கு இறந்தால், காலையில் எங்கே அடக்கம் என்று தேடி அலைய வேண்டியிருக்கும்; உறவினர் ஒரு பக்கம் “எங்க முறைப்படி எரிக்கிறோம்” என்பார்கள், சபையார் மறுபக்கம் நிற்பார்கள். அதனால் முதல் ஆறு மாதத்துக்குள், கல்லறைத் தோட்டம் உள்ள சபைகளிடம் கட்டணம் கட்டி இடம் தருவார்களா என்று கடிதம் கொடுத்துப் பதில் வாங்குங்கள். இல்லையென்றால் மாநகராட்சியிடமோ ஊராட்சியிடமோ பொது இடுகாட்டில் எந்தப் பகுதி என்று கேட்டு வையுங்கள். முதிய அங்கத்தினர் ஒவ்வொருவரிடமும் அவர் விருப்பத்தை, பிள்ளைகள் கேட்க, எழுதி வாங்குங்கள். பிள்ளைகள் கடைசிவரை மறுத்தால் இறந்தவரின் வாசலில் நின்று சண்டை போடாமல் ஜெபித்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஃப்ரீசர் பெட்டிக்காரர், சவப்பெட்டி செய்பவர், குழி வெட்டுபவர், வண்டிக்காரர் ஆகிய நான்கு எண்களும் மூப்பர் இருவரின் கைப்பேசியில் இருக்கட்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிய, அடக்கச் சீட்டின் நகலைக் குடும்பத்தாரிடம் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.